பாலத்தில் விட்ட இடைவெளி

அண்மையில் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் வீதிச் சட்டங்களைப் படிக்க நேர்ந்தது. பத்திரிகைக்காரனுக்கு இப்படியும் ஒரு பொழுதுபோக்கா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவற்றிலிருந்த ஒரு பழைய விதி என்னைக் கல்லடிப் பாலத்துக்கு இழுத்து வந்துவிட்டது.

விடயம் இதுதான். இரண்டு, மூன்று லொறிகளை இலத்திரனியல் முறையில் இணைத்து ஒரே தொடரணியாக ஓட்டலாம். முன்னால் செல்லும் லொறி பிறேக் பிடித்தால், கம்பியில்லாத் தொடர்பின் வழியே பின்னால் வருவதும் ஏறத்தாழ அதே கணத்தில் பிடிக்கும். அதனால் மனிதச் சாரதி துணியாத நெருக்கத்தில் அவை செல்லலாம். காற்றின் எதிர்ப்புக் குறைந்து எரிபொருள் மிச்சமாகும். 2016 ஏப்ரலில் ஐரோப்பிய லொறி நிறுவனங்கள் பல, ரொட்டர்டாம் துறைமுகம் வரை இவ்வாறு ஓட்டிக் காட்டின. முன்வாகனத்தை நெருங்கிச் செல்லாதே என்ற விதி இதற்குத் தடையாயிருந்தமையால், 2017இல் டெக்சாஸ், டென்னசி, ஜோர்ஜியா முதலிய மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டன.

நான் குறிப்பிட்ட பழைய விதி வேறு. நகருக்கு வெளியே வரிசையாகச் செல்லும் வாகனங்கள், இன்னொரு வாகனம் ஆபத்தின்றி நடுவே புகக்கூடிய அளவுக்கு இடம் விட வேண்டும் என்று பல மாநிலங்களின் சட்டம் சொல்கிறது. அதற்கு விதிவிலக்கு, மரண ஊர்வலம். ஆக, இடைவெளி என்பது மோதாமல் இருப்பதற்கு மட்டுமன்று. அது பிறருக்கு உரிய இடமுமாகும்.

இதை நான் சட்டப் புத்தகத்தில் கற்கவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேல், ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரில் ஆங்கிலேயர் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்கே வழி. இந்தக் கரையின் வரிசை ஓய்ந்தால்தான் அந்தக் கரைக்கு முறை.

2004 டிசம்பர் 26இல் கடல் கல்லடியை அள்ளிச் சென்றது. அடுத்த ஆண்டின் முதல் வாரத்தில், காலில் காயம் சீழ்பிடித்துக் காய்ச்சலில் அனத்திய என் பெரியம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டினத்து வைத்தியசாலைக்குப் புறப்பட்டேன். பாலத்தின் வாயிலில் நின்றுவிட்டோம். எதிரே நிவாரண லொறிகள் ஒன்றையொன்று தொட்டாற்போல வந்துகொண்டேயிருந்தன. வரிசை குலையக்கூடாதென்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததாம். அரிசியும் மருந்தும் எங்களுக்காகவே வந்தன. எங்களை மறித்து நின்றவையும் அவையே. யாரைக் கோபிப்பது?

அரை மணிக்கு மேல் சென்றிருக்கும். அக்கரையில் ஒரு லொறி பாலத்தில் ஏறாமல் நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், அது அசையவில்லை. நாங்கள் கடந்து அதன் பக்கத்தால் போகையில், இளைஞரான சாரதி வெளியே கையை நீட்டி, "யன்ன, யன்ன" என்றார். போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நன்றி சொல்லவும் நேரமிருக்கவில்லை.

டைம்லர் நிறுவனம் 2019இல் இந்தத் தொடரணி முயற்சியிலிருந்து விலகியது. தொடர் அறுந்தால், பிரிந்த லொறி மீண்டும் சேர்வதற்கு வேகமெடுக்க வேண்டும். அதில் மிச்சமும் குறைந்துவிடுகிறதாம். அதாவது, இடையில் எவரும் புகாதிருந்தால்தான் கணக்கு ஓரளவேனும் சரிவரும். அன்று அந்த இளைஞர் செய்ததோ தொடரை அறுத்ததுதான்.

தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. தூங்கி வழியும் சாரதியைவிட ராடார் நம்பத்தக்கது. எமது நாட்டிலும் ஒருநாள் இத்தகைய சட்டம் வரலாம். எத்தனை மீற்றர் நெருங்கலாம் என்று எழுதுமுன், வெளியே காத்திருப்பவருக்காகத் தொடர் எப்போது அறுந்தாக வேண்டும் என்பதை எழுதட்டும்.

2013இல் ஜப்பானிய உதவியுடன் புதிய பாலம் திறக்கப்பட்டது. இப்போது இரு திசையிலும் வாகனங்கள் தடையின்றிப் போகின்றன. பழைய பாலம் பக்கத்தில் நிற்கிறது. பெரியம்மா அதன் பின்னும் சில ஆண்டுகள் இருந்தார். பாலத்தைக் கடக்கும் போதெல்லாம், "அந்தப் பிள்ளை எந்த ஊரோ, நல்லாயிருக்கோணும்" என்பார்.