உடன்வந்தோர் கதைகள்

மணிமேகலையை முழுமையாகப் பயின்ற அன்பர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். தலைவியின் துறவு வரலாறு ஒரு புறம் நடந்துகொண்டிருக்க, ஆபுத்திரன், ஆதிரை, காயசண்டிகை என்று வேறு பலருடைய வாழ்க்கை இடையிடையே புகுந்து, நம்மைச் சற்றே நிறுத்தி வைத்துவிட்டுச் செல்லும். காப்பியத்தை மூடி வைத்த பின்னர் நெஞ்சில் நிற்பவர் பல வேளைகளில் அவர்களே. பாரதத்தின் வனபருவத்திலும், சூதில் நாடிழந்து கிடக்கும் தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் நளன் கதையைக் கூறுகிறார். பாரதப் போருக்கும் நளனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அக்கதையை நீக்கிவிட்டுப் பாரதத்தை நினைக்க நமக்கு மனம் வருமா?

கிளைக்கதை என்று நாம் பெயரிட்டு வைத்துள்ள இம்முறை, கனடா நாட்டில் உருவான கணிப்பொறி விளையாட்டு ஒன்றில் மிகச் செம்மையாகக் கையாளப்பட்டுள்ளது என்று கூறினால், சங்கத்துப் பெரியவர்கள் புன்னகை புரியக்கூடும். புரியட்டும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு புன்னகைத்தவனே. 2021ஆம் ஆண்டு மே மாதம், தில்லி முழுவதும் அடைபட்டுக் கிடந்த நாள்களில், என் மகள் அதனை விளையாடக் கண்டேன். முதலில் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். பின்னர் நாற்காலி போட்டு அமர்ந்தேன். அவள் கல்லூரிக்குத் திரும்பிய பின்னர் நானே ஆடலானேன்.

விளையாட்டின் பெயர் ‘மாஸ் எஃபெக்ட் 2’. எட்மன்டன் நகரத்துப் பயோவேர் நிறுவனம் 2010 சனவரியில் வெளியிட்டது. மூன்று பாகங்கள் கொண்ட விண்வெளிக் கதையின் நடுப்பாகம் இது. மூன்றாம் பாகம் 2012இல் வந்தது. 2021இல் மூன்றும் புதுக்கப்பட்டு ஒரே தொகுப்பாயின. ஷெப்பர்ட் என்னும் தளபதியை நாம் இயக்குகிறோம். ஆணாகவும் அமைக்கலாம், பெண்ணாகவும் அமைக்கலாம். என் மகள் பெண்ணாக அமைத்தாள், நானும் அதனையே பின்பற்றினேன். மனிதக் குடியேற்றங்களிலிருந்து மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கவர்ந்து செல்லும் பகைவர்களை, திரும்பி வருதல் அரிதான ஒரு பயணத்தில் சென்று எதிர்க்கவேண்டும். அதற்காகப் பல கோள்களிலிருந்தும் வீரர்களைத் திரட்டுகிறாள் தளபதி. இது முதற்கதை. உண்மையைக் கூறுவதாயின், இம்முதற்கதை சிறப்பாக எதுவும் இல்லாதது. உலகைக் காத்தல் என்பது எத்தனையோ திரைப்படங்களில் நாம் கண்டு சலித்த செய்தி.

சிறப்பு வேறிடத்தில் உளது. திரட்டப்பட்ட துணைவர் ஒவ்வொருவரும் ஒரு நாள் தளபதியிடம் தயங்கித் தயங்கி ஒரு சொந்த வேலையைக் கூறுவர். தங்கையைப் பற்றிய அச்சம் ஒருவருக்கு. தன்னைக் காட்டிக்கொடுத்தவனைத் தேடும் வெறி இன்னொருவருக்கு. குழந்தைப் பருவத்தில் தன்னை வதைத்த கட்டடத்தை வெடிவைத்துத் தகர்க்கவேண்டும் என்னும் வேட்கை மற்றொருத்திக்கு. போகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மறுக்கலாம், மறந்தும் விடலாம். கட்டாயம் இன்மையாலேயே அக்கோரிக்கை நம்மைத் தைக்கிறது. உலகு அழியும் என்று மேலிடம் ஆணையிட்டால் எவரும் செல்வர். தெரிந்த ஒருவர், ‘என் வீட்டுச் சிக்கல் ஒன்று, உடன் வர இயலுமா?’ என்று கேட்கும்போது எழுந்து செல்வது வேறு வகை.

கொலையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் இக்கூட்டத்தில் உண்டு. தேன் கிரியோஸ் என்பது பெயர். நம் காதுக்கு அது இனிப்பாகவே ஒலிக்கும். அவருடைய இனத்தார் வறண்ட கோளில் தோன்றியவர்கள். அக்கோள் அழியும் தறுவாயில் வேறோர் இனத்தார் அவர்களுள் ஒரு பகுதியினரைத் தம் கடல்சூழ் உலகிற்குக் கொண்டுசென்று காத்தனர். காத்த இடத்து ஈரக்காற்றே நாளடைவில் அவர்களுடைய நுரையீரலை அரிக்கும் நோயாயிற்று. தேனும் அந்நோயால் இறந்துகொண்டிருப்பவர். பிழைப்பிற்காக வேற்றூர் சென்று, அவ்வூர்த் தண்ணீரும் காற்றும் ஒவ்வாமல் நலிந்தவர்களை அறிந்த நமக்கு இச்செய்தி விந்தையாகத் தோன்றாது. அவ்வினத்தார்க்கு மறதி இல்லை என்பது மற்றொரு செய்தி. நினைவு எழுந்தால், கடந்தது கண்முன்னே நடப்பது போல அவர் வாய் தானே பேசத் தொடங்கிவிடும். மனைவி, அவர் தொழிலால் விளைந்த பகைக்கு இரையானாள். பழிவாங்கப் புறப்பட்டவர் சிறுவனான மகனை உறவினரிடம் விட்டுச் சென்றார். இப்போது அம்மகன் கோல்யாட், தந்தையின் தொழிலையே மேற்கொண்டு முதற்கொலைக்கு ஆயத்தமாகிறான்.

இப்பகுதியில் துப்பாக்கிக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. கொலையுண்ண இருப்பவனை உயரத்து நடைபாதையிலிருந்து கண்காணித்துத் தேனுக்குச் செய்தி கூறுவதுதான் நம் பணி. மகன் தடுக்கப்படுகிறான். பின்னர், காவல் அலுவலகத்து அறை ஒன்றில் தந்தையும் மகனும் பேசுகின்றனர்; தளபதி வெளியே நிற்கிறாள். அவ்விடத்தில்தான் ஆக்கியோரின் தெளிவைக் கண்டேன். எல்லாவற்றையும் செய்து முடிக்கப் பழக்கப்பட்ட கதைத்தலைவி, கதவுக்கு வெளியே காத்திருக்கவேண்டும். வெளியே வரும் தேனும், ஒரு பேச்சில் தீரும் சிக்கலன்று, தொடர்ந்து பேசவேண்டும் என்ற அளவிலேயே கூறுகிறார். கட்டித்தழுவுதலும் கண்ணீரும் இல்லை. மூன்றாம் பாகத்தில் அவர் மருத்துவமனைப் படுக்கையில் இறக்கும்போது, மகன் அருகிருந்து வழிபாட்டுரை படிக்கிறான். அதன் இறுதி வேண்டுதல் தந்தை தமக்காகக் கேட்டதன்று, ஷெப்பர்டுக்காகக் கேட்டது என்பதையும் அவனே கூறுகிறான். அவ்விரவு நான் ஊரிலுள்ள என் தந்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். மழை பெய்ததா என்று கேட்டேன், பெய்யவில்லை என்றார்.

மோர்டின் என்னும் அறிவியலறிஞர் கதை இதனினும் கடியது. நாற்பது ஆண்டே வாழும் இனத்தவர் ஆதலால் மூச்சுவிடாமல் பேசுபவர். போர்வெறி கொண்ட வேறோர் இனத்தின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த, ஆயிரம் கருவில் ஒன்றே உயிருடன் பிறக்குமாறு முன்னோர் ஒரு நோயை உருவாக்கினர். அந்நோய் வலிமை குன்றியபோது அதனைத் திருத்தி மீண்டும் கூர்மையாக்கிய குழுவில் மோர்டினும் இருந்தார். கணக்குப்படி சரி என்று இன்றும் வாதிப்பவர். கடத்தப்பட்டதாகக் கருதி அவர் தேடிச் செல்லும் மாணவனோ, குற்றவுணர்வால் தானே அங்கு வந்து, அந்நோய்க்கு மாற்றுக் காண்பதற்காக உயிருள்ளோர்மீது கொடிய சோதனைகள் செய்துகொண்டிருக்கிறான். வழியில், குழந்தை வேண்டித் தானே சோதனைக்கு உடன்பட்டு இறந்துகிடக்கும் ஒரு பெண்ணின் உடலருகே மோர்டின் நிற்கிறார். கணக்கு அங்கே வாயடைத்துப் போகிறது. மாணவனின் ஆய்வுக் குறிப்புகளை அழிப்பதா, வைத்துக்கொள்வதா என்னும் வினா நம்மிடம் விடப்படுகிறது. அழித்தவர்க்கு 2012ஆம் ஆண்டுப் பாகத்தில் மற்றொரு பெண்ணின் சாவு காத்திருக்கும்.

எல்லாக் கிளைகளும் இவ்வாறு கனிந்தன அல்ல. ஜேக்கப் என்னும் வீரர் பத்தாண்டுகளுக்கு முன்னர்க் காணாமற்போன தந்தையைத் தேடிக் காணும் கதை, கருவில் பெரிது. சொன்ன விதத்தில் சிறிது. தன் கீழிருந்தோரின் அறிவு மழுங்குமாறு உணவைப் பங்கிட்டு அரசனாக வாழ்ந்த தந்தையைக் கண்டபின், மகனுக்குப் பேசக் கிடைத்த சொற்கள் மிகக் குறைவு. பல இடங்களில் துயரத்திற்கும் துயரத்திற்கும் இடையே சுடுவதற்கென்றே ஆட்களை நிறுத்தி வைத்திருப்பதும் எனக்கு உவப்பில்லை. ஒருவர் கோரிக்கையை நிறைவேற்றினால் ‘விசுவாசம் பெறப்பட்டது’ என்று திரையில் பதிவாகும். அப்பதிவு இல்லாதவர் இறுதிப் பயணத்தில் மடிதல் கூடும். நாள்தோறும் பதிவேட்டில் கையொப்பமிட்டு வாழும் எழுத்தனாகிய எனக்கே, அன்பைப் பதிவேட்டில் ஏற்றுதல் சற்றுக் கூச்சத்தைத் தந்தது.

ஆயினும் டாலியின் கதைக்காக அனைத்தையும் பொறுத்துக்கொள்வேன். டாலி, குவேரியர் என்னும் நாடற்ற இனத்துப் பெண். ஏவலுக்கென அவர்கள் படைத்த கெத் என்னும் அறிவுப்பொறிகள் எதிர்த்து எழ, தாய்க்கோளை இழந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளாகக் கப்பற்கூட்டத்திலேயே வாழ்பவர்கள். எக்கப்பலைச் சார்ந்தவர் என்பது அவர்களுடைய பெயரிலேயே ஒட்டி வரும். உயிருள்ள கெத் பொறிகளைக் கப்பற்கூட்டத்திற்கு அனுப்பினாள் என்று டாலிமீது குற்றச்சாட்டு எழுகிறது. விசாரணை மன்றத்தில் அவளை அழைக்கும்போதே, பெயரில் பழைய கப்பலை நீக்கி, ஷெப்பர்டின் கப்பலாகிய நார்மண்டியை ஒட்டி அழைக்கின்றனர். தீர்ப்பிற்கு முன்னரே ஊரை விட்டு நீக்கியாயிற்று! ஆனால் அதன்படி அவளுக்காக வாதிடும் உரிமை, கப்பல் தலைவியாகிய ஷெப்பர்டுக்கு வந்துசேர்கிறது. சான்று தேடிச் செல்லும் இடத்தில் டாலி தன் தந்தையின் உடலைக் காண்கிறாள். மகள் அனுப்பிய உயிரற்ற உறுப்புகளைச் சேர்த்து உயிரூட்டியவர் தளபதிகளுள் ஒருவராகிய அவரே என்பதற்கு ஆவணமும் கிடைக்கிறது. தாய்க்கோளில் உனக்கொரு வீடு கட்டித் தருவேன் என்று மகளுக்கு வாக்களித்திருந்தவர் அவர். ஆவணத்தைக் காட்டினால் டாலி விடுதலை பெறுவாள். தந்தையின் பெயர் எல்லாக் கப்பல்களின் ஏடுகளிலிருந்தும் அழிக்கப்படும். காட்டவேண்டாம் என்று அவள் மன்றாடுகிறாள்.

இவ்விடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். காரணம் உண்டு. 2013இல், அலுவலக நண்பர் ஒருவர்மீது துறைவிசாரணை நடந்தது. 1965ஆம் ஆண்டு விதிகளில் 14ஆம் விதியின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தமக்குத் துணையாக மற்றோர் அரசு ஊழியரை அமர்த்திக்கொள்ளலாம். நண்பர் என்னை அமர்த்திக்கொண்டார். கட்வால் மலைநாட்டைச் சேர்ந்தவர், என்னைவிட மூத்தவர், எனக்குக் குறிப்பெழுதக் கற்றுத்தந்தவர். ஒப்புதல் வருமுன்னரே ஒரு தொகையை வழங்கக் கோப்பை நகர்த்தினார் என்பது குற்றச்சாட்டு. நகர்த்துமாறு பணித்தவர் அப்போதைய பிரிவு அலுவலர். பணித்த துண்டுச்சீட்டு, அலுவலரின் கையெழுத்திலேயே, நண்பரிடம் இருந்தது. ஆனால் அலுவலர் பணியிலிருக்கும்போதே இறந்துபோயிருந்தார். அவர் மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை கோரும் விண்ணப்பம் மேலிடத்தில் இருந்தது. நண்பர் சீட்டை என்னிடம் காட்டிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “பாய் சாஹிப், உங்களுக்குத் தெரியவேண்டும் என்று காட்டினேன். அவர்களுக்கு வேண்டாம்” என்றார். கையில் சான்று இருக்க, சான்றில்லாதவனைப் போல நான் நான்கு அமர்வுகளில் வாதிட்டேன். சம்பள அளவில் அவரை இரண்டு படிகள் கீழிறக்கினர்.

விளையாட்டில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தளபதியின் நற்பண்பு மதிப்பெண் போதுமான அளவு உயர்ந்திருந்தால், ஒரு வீரவுரையாற்றிச் சான்று காட்டாமலேயே டாலியை மீட்டுவிடலாம். என் மகள் அவ்வாறே மீட்டாள். எனக்கு அவ்வழி பிடிக்கவில்லை. மதிப்பெண்ணால் மன்றம் இளகும் என்பதை, மன்றம் கண்டவன் ஒப்பமாட்டான். ஆனால் அதே முடிவிற்கு வேறொரு பாதையும் வைத்துள்ளனர். முந்தைய கட்டங்களில் வீட்டோர், ரீகர் என்னும் இரு குவேரியர்க்கு நாம் தீங்கின்றித் துணைபுரிந்திருந்தால், அவர்கள் மன்றத்திலே எழுந்து டாலிக்காகப் பேசுவர். கூட்டமும் உடன் எழும். அது எனக்கு ஏற்புடையது. பேசவேண்டியவர்கள் எழுந்து பேசினால் ஆவணம் எதற்கு? நண்பருடைய விசாரணையில், அன்று பிரிவில் இருந்த அறுவருக்கும் அலுவலர் பணித்தது தெரியும். ஒருவரும் எழவில்லை.

நான் ஆடியபோது வாய்மூடி இருப்பதையே தேர்ந்தேன். டாலி நாடுகடத்தப்பட்டாள், என் கப்பலே அவள் பெயராயிற்று. மீட்கப்பட்ட டாலி மூன்றாம் பாகத்தில் தளபதிகளுள் ஒருத்தியாக அமர்வாள். என் டாலிக்கு அவ்விருக்கை கிடைக்கவில்லை. “அப்பா, தப்பான வழியைத் தேர்ந்துவிட்டீர்கள்” என்று மகள் தொலைபேசியில் கடிந்துகொண்டாள். நண்பரைப் பற்றி அதுவரை அவளிடம் கூறியதில்லை, அன்று கூறினேன். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, அவர் இப்போது எங்கே என்று கேட்டாள்.

அவர் 2021 இறுதியில் ஓய்வு பெற்றுப் பௌரிக்கு அருகிலுள்ள தம் ஊருக்குச் சென்றுவிட்டார். ஓய்வூதியக் கோப்பு என் மேசைக்கே வந்தது. இரண்டு படிகள் இறங்கியதன் விளைவு ஒவ்வொரு கணக்கிலும் தொடர்ந்து வந்து, கடைசித் தாளில் குறைந்த எண்ணாக நின்றது. அவரை எதிரில் அமர்த்தி எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார், காட்டிய இடங்களில் எல்லாம் கையொப்பமிட்டார். எழும்போது, இறந்துபோன அலுவலரின் பெயரைக் கூறி, அவர் வீட்டம்மையாருக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதந்தோறும் தவறாமல் வருகிறதா என்று மட்டும் கேட்டார்.