வாளேந்திய சகோதரி

என் மகள் கல்லூரி இறகுப்பந்து அணியில் ஆடுகிறாள். "குமருக்கு மைதானத்தில் என்ன வேலை?" என உறவினர் வினவும்போதெல்லாம், அமெரிக்கச் சகோதரி இப்திஹாஜ் முஹம்மதை எடுத்துரைப்பேன். உடலை முழுவதும் மறைக்கும் உடையுள்ள விளையாட்டு என்பதாலேயே பெற்றோர் அவரை வாள்வீச்சில் சேர்த்தனர். டியூக் என்னும் தனியார் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் பயின்ற அவர், அதன் அணியில் ஆடி மும்முறை அகில அமெரிக்க வீராங்கனையாகத் தேர்வானார். 2007இல் இரு துறைகளில் பட்டமும் பெற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் களமிறங்கிய முதல் அமெரிக்கராகி, அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். கல்வியும் குறையவில்லை; மார்க்கப் பேணுதலும் குறையவில்லை.

நம் சமுதாயக் கல்லூரிகளுக்குக் கட்டிடம் எழுப்பித் தரும் கொடையாளர்கள், பெண்களுக்கெனத் தனி மைதானமும் பெண் பயிற்சியாளரும் அமைத்துத் தரட்டும். நம் வீட்டுப் பெண்கள் தயங்காமல் வருவர், இன்ஷா அல்லாஹ்.