லாரி பேக்கர் விட்டுச் சென்ற வீடுகள்

திருவனந்தபுரத்துக்கு வரும் நம்மவர்கள் அனந்தபத்மநாபரைச் சேவித்து, மிருகக்காட்சி சாலையைச் சுற்றிப் பார்த்து, கோவளத்தில் கால் நனைத்துவிட்டு மாலை வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இவ்வூரிலேயே பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் நாமும், விருந்தாளிகள் வந்தால் அழைத்துச் செல்வது அந்த மூன்று இடங்களுக்குத்தான். ஆனால் நான்காவதாகக் காணத்தக்கது ஒன்றும் இந்நகரில் உண்டு. அது ஒரே இடத்தில் இல்லை. தம்பானூரில் ஒன்று, உள்ளூரில் ஒன்று, நாலாஞ்சிறைக் குன்றில் ஒன்று என்று ஊரெங்கும் பரவிக் கிடக்கிறது. காலஞ்சென்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களையே சொல்லுகிறோம்.

பேக்கர் இவ்வூரில் பிறந்தவர் அல்லர். 1917ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் இங்கிலாந்து தேசத்துப் பர்மிங்காம் நகரில் பிறந்தார். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் நாள், தம் தொண்ணூறாவது வயது நிறைந்த பின், திருவனந்தபுரத்தில் காலமானார். அந்த ஆயுளில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்திய மண்ணில் கழிந்தது. பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்து, எந்த ஊரை நம் ஊர் என்பது என்று இன்னமும் தீர்மானிக்க முடியாமல் இருக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு அவருடைய வாழ்க்கை அந்நியமானதன்று.

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முன்னதாகவே அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதி பெற்றுக்கொண்டு, இக்கட்டடங்களைக் காணப் புறப்பட்டோம். நாம், நம் இல்லாள், குழந்தைகள் இருவர், இவர்களோடு நம் சங்கத்து மூத்த அங்கத்தினர் ஒருவரும் உடன் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. கையில் வந்த பணத்தைக் கொண்டு சொந்த ஊரில் வீடு கட்ட வரைபடமும் வாங்கி வைத்திருக்கிறார். அந்த வரைபடத்தைச் சுருட்டிக் கையிலேயே எடுத்து வந்திருந்தார்.

தம்பானூர் ரயில் நிலையத்தின் கருங்கல் கட்டடம் 1931இல் திறக்கப்பட்டது. அதிலிருந்து வெளியே வந்தால், பஸ் நிலையத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் ஓர் உருண்டைக் கோபுரம் தெரியும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். காபி வாரியம் தன் காபிச் சாலைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்தத் தொடங்கிய சாலைகளில் இதுவும் ஒன்று. கேரளத்தில் முதலாவது 1958இல் திருச்சூரில் தொடங்கப்பட்டது. தம்பானூரில் உள்ளதைக் கட்டித் தந்தவர் பேக்கர்.

உள்ளே நுழைந்தவுடன் குழந்தைகள் மாடிப்படியைத் தேடினார்கள். மாடிப்படி என்பதே அங்குக் கிடையாது. தரையே சாய்ந்து, சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டு போகிறது. வெளிச்சுவரை ஒட்டி, அந்தச் சாய்வில் சாயாதபடி, மேஜைகளையும் இருக்கைகளையும் மட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். சுவரில் செங்கல்லுக்கு இடையே விட்ட சிறு துளைகள் வழியாக வெளிச்சமும் காற்றும் வருகின்றன. விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த பரிசாரகர்கள் தட்டுகளை ஏந்தியபடி ஏற்றத்திலும் இறக்கத்திலும் தடுமாறாமல் நடக்கிறார்கள். மசால் தோசைக்குள் பீட்ரூட்டைக் கண்டு அண்ணாச்சி முகத்தைச் சுளித்தாராயினும் மீதி வைக்கவில்லை.

"வீட்டைப் போய் யாராவது வட்டமாகக் கட்டுவார்களா?" என்று கேட்டார் அவர்.

இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. நூறு சதுர அடி இடத்தைச் சதுரமாக அடைக்க 40 அடி நீளச் சுவர் வேண்டும். அதே இடத்தை வட்டமாக அடைத்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தரை அடி போதும். நாலரை அடிச் சுவர் மிச்சம். பேக்கருடைய கட்டடங்களில் அழகென்று நாம் காண்பவற்றில் பல, முதலில் சிக்கனமாகவே பிறந்தவை.

இந்தச் சிக்கனம் அவருக்கு எங்கிருந்து வந்தது? பர்மிங்காமில் 1937இல் கட்டடக் கலைப் படிப்பை முடித்தவர் அவர். போரை ஏற்காத குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவராதலால், உலக யுத்த காலத்தில் துப்பாக்கி ஏந்தாமல், காயமுற்றோருக்கும் நோயுற்றோருக்கும் தொண்டு செய்யச் சீனம் சென்றார். அங்கிருந்து தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில காலம் காத்திருக்க நேர்ந்தது. அப்போதுதான் காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் பழந்துணியைக் கொண்டு தாமே தைத்து அணிந்திருந்த காலணிகள் அடிகளின் கண்ணில் பட்டனவாம். ஒரு வீட்டைக் கட்ட வேண்டிய பொருள்கள் அவ்வீட்டிற்கு ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்ற அடிகளின் கருத்து, பேக்கரின் மனத்தில் ஆயுள் முழுவதும் நிலைத்தது.

1945இல் தொழுநோயாளருக்கான மருத்துவமனைகளைக் கட்டும் பணியை ஏற்று அவர் மீண்டும் இந்தியா வந்தார். அப்பணியின் மூலம் அறிமுகமானவர் எலிசபெத் ஜேக்கப் என்ற கேரளத்து மருத்துவப் பெண்மணி. இரு பக்கத்து உறவினரும் எளிதில் இணங்கவில்லை. இருவரும் பொறுமையோடு காத்திருந்து 1948இல் மணம் செய்துகொண்டார்கள். புதுமணத் தம்பதியராக இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகருக்குச் சென்றார்கள். வந்திருப்பவர் வைத்தியர் என்று தெரிந்ததும் மலைவாசிகள் நோயாளிகளை அழைத்துக்கொண்டு திரண்டு வந்துவிட்டனர். உல்லாசமாகச் சில நாள் தங்கப் போனவர்கள், அம்மலைச் சரிவிலேயே வீடும் மருத்துவமனையும் கட்டிக்கொண்டு பதினாறு ஆண்டுகள் இருந்தார்கள்! மனைவி வைத்தியம் பார்த்தார், கணவர் கட்டினார். அம்மலைவாசிகள் கல்லையும் மரத்தையும் மண்ணையும் கையாளும் முறையே தமக்கு இரண்டாவது கல்லூரியாக அமைந்தது என்ற கருத்துப்பட அவர் பலமுறை எழுதியிருக்கிறார். பிறகு கேரளத்து வாகமண் மலையில் சில ஆண்டுகள். 1970ஐ ஒட்டித் திருவனந்தபுரம்.

காபிச் சாலையிலிருந்து புறப்பட்டுச் செங்கல்சூளை வழியாகச் சென்றோம். ராஜாஜி நகர் என்று பெயர் மாறியபோதிலும் மக்கள் வாயில் இன்றும் செங்கல்சூளைதான். தலைமைச் செயலகத்துக்கு அருகிலேயே உள்ள இந்த ஏழைகள் குடியிருப்பில், எழுபதுகளில் பேக்கர் சிக்கனமான அடுக்கு வீடுகளை அமைத்தார். செல்வருக்கு ஒரு கட்டட முறை, ஏழைக்கு ஒரு முறை என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அதே செங்கல், அதே துளைச்சுவர்தான் இரு சாராருக்கும்.

அங்கிருந்து உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தை அடைந்தோம். பொருளாதார அறிஞர் கே. என். ராஜ், அந்நாளைய முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆதரவோடு 1970இல் நிறுவிய கல்விக்கூடம் இது. மேடும் பள்ளமுமான ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலம். மேட்டை வெட்டவும் இல்லை, பள்ளத்தைத் தூர்க்கவும் இல்லை. மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவரே வளைந்து விலகிச் செல்கிறது. நடுவே உயர்ந்து நிற்கிறது நூலகக் கோபுரம்.

பேக்கரின் முறைகளை ஒருங்கே காண இதைவிட நல்ல இடம் இல்லை. முதலாவது, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது. இரண்டாவது, ஓடு பதித்த கூரை. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது உள்ளே கிடக்கும் கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. ஆகவே அவ்விடத்தில், கழித்து ஒதுக்கிய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பிவிடுகிறார். மூன்றாவது, துளைச்சுவர். சட்டமும் கதவும் கண்ணாடியும் கொண்ட ஜன்னலுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியே ஆகிறது. நான்காவது, பூச்சின்மை. செங்கல்லைச் செங்கல்லாகவே விட்டுவிட்டால் பூச்சுக்கும் வர்ணத்துக்கும் செலவில்லை. மறுபடி மறுபடி வெள்ளையடிக்கும் தொல்லையும் இல்லை.

துளைச்சுவரின் நிழல் தரையில் கோலம் போல் விழுந்திருந்தது. நம் இல்லாள் அங்குச் சற்று நேரம் நின்று, "பத்மநாபபுரம் அரண்மனையில் மரத்தில் பார்த்ததை இங்கே செங்கல்லில் பார்க்கிறேன்" என்றாள். உண்மைதான். இம்மண்ணில் தச்சரும் கொத்தரும் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பக் கண்டு வைத்திருந்த உபாயங்களைப் பேக்கர் மதித்துக் கற்றார். வந்த ஊருக்குப் பாடம் சொல்வதற்கு முன் வந்த ஊரிடம் பாடம் கேட்டவர் அவர்.

மாலையில் நாலாஞ்சிறை சென்று, பேக்கரின் சொந்த வீட்டைச் சாலையிலிருந்து கண்டோம். சிற்றூர் என்று பொருள்படும் 'ஹாம்லெட்' என்பது அதன் பெயர். பாறையும் சரிவுமான, வீடு கட்டுவதற்கு ஆகாதென்று பிறர் ஒதுக்கக்கூடிய நிலம். அதில் சிறியதாகத் தொடங்கி, தேவை வந்தபோது ஓர் அறை, பிறகு ஓர் அறை என்று குன்றின் மேல் படிப்படியாகப் பெருகிய வீடு அது. இடித்த பழைய வீடுகளிலிருந்து வந்த மரங்கள், உடைந்த ஓட்டுத் துண்டுகள், சுவரில் பதித்த வர்ணப் புட்டிகள் எல்லாம் அதில் இடம் பெற்றன. எலிசபெத்தம்மையாரும் மூன்று மக்களும் சூழ அவர் வாழ்ந்தது அங்கேதான். அவருடைய கொத்தர்களும் சிற்றாட்களும் அவரை 'டாடி' என்றே அழைத்தார்கள். எண்பதுகளின் இறுதியில் இந்தியக் குடியுரிமையும், 1990இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. முதுமையில் ஓடியாடிக் கட்டுவது குறைந்த பிறகும், வீட்டுச் செலவைக் குறைக்கும் வழிகளைத் தம் கையாலேயே படம் போட்டுச் சிறு நூல்களாகத் தந்தார். எலிசபெத்தம்மையார் 2011இல் மறைந்தார்.

சாலையோரத்தில் நின்றபடி அண்ணாச்சி தம் வரைபடத்தை விரித்தார். முன்னால் நான்கு தூண் வைத்த முகப்பு. கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு.

"மாடி அறைகள் யாருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"ஒன்று புனாவில் இருக்கிற பெரியவனுக்கு, இன்னொன்று சின்னவனுக்கு."

"அவர்கள் ஊருக்கு வந்து தங்குவது?"

"வருஷத்துக்குப் பத்து நாள் வருவார்கள். போன வருஷம் அதுவும் இல்லை" என்றவர், சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கட்டி வைத்தால் வருவார்கள் என்று உங்கள் மதினி சொல்லுகிறாள்" என்றார்.

இதற்கு நாம் என்ன சொல்வது? நம்மவர் குடும்பங்களில் எத்தனை வீடுகள் இப்படி எழுந்திருக்கின்றன! ஆயுள் முழுவதும் வாடகை வீட்டில் நெருக்கிக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் கடனும் வாங்கி, வராத பிள்ளைகளுக்காக அறைகள் கட்டிப் பூட்டி வைக்கிறோம். பேக்கரின் வீடு அதில் வாழ்ந்தவர்களோடு வளர்ந்தது. நம் வீடுகளோ, வாழப்போகிறவர்கள் யார் என்று தெரிவதற்கு முன்பே முழுமையாக எழுந்துவிடுகின்றன.

பேக்கர் முறைக்கும் மறுப்புகள் உண்டு. பூசாத சுவரில் மழைக்காலத்தில் பாசி படியும். எலிப்பொறிக் கட்டுக்குக் கை பழகிய கொத்தர் வேண்டும். அண்ணாச்சியோ, "பூசாவிட்டால் பணம் போதாமல் பாதியில் விட்டுவிட்டான் என்று ஊரில் சொல்லுவார்களே" என்றார். முதல் இரண்டுக்கும் பரிகாரம் இருக்கிறது. அச்சுத மேனன், கே. என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து பேக்கர் 1985இல் தோற்றுவித்த 'காஸ்ட்ஃபோர்டு' நிறுவனம் கொத்தர்களைப் பழக்கியும் வீடுகள் கட்டியும் அப்பணியைத் தொடர்ந்து வந்திருக்கிறது. மூன்றாவதற்குப் பரிகாரம் நம்மிடமே இருக்க வேண்டும். செங்கல் விலை ஏறிய இடத்தில் செங்கல்லே வேண்டும் என்பதும் இல்லை. நாஞ்சில் நாட்டில் கருங்கல் அருகில் கிடைத்தால் கருங்கல். மண் நன்றாயிருந்தால் மண். ஐந்து மைல் என்ற விதியின் பொருளே அதுதான்.

அதற்கு அடுத்த ஞாயிறு அண்ணாச்சி நம் வீட்டுக்கு வந்தார். வரைபடத்தில் நான்கு தூண்களையும் பென்சிலால் அடித்திருந்தார். மேற்குத் தாழ்வாரத்துக்குத் துளைச்சுவர் என்று குறித்திருந்தார். மாடியை இப்போது கட்டுவதில்லை. பிள்ளைகள் வந்து இருப்பதானால் அப்போது எழுப்பிக்கொள்ள வசதியாக அஸ்திவாரம் மட்டும் பலமாகப் போடுவது என்று முடிவாம். பூச்சு விஷயத்தில் மட்டும் மதினி இசையவில்லை. முன்சுவருக்குப் பூச்சு உண்டு. மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, தாமும் மதினியும் புனாவுக்குச் சென்று மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கிவரப் போகிறார்கள். எந்த வண்டிக்குச் சீட்டு எடுக்கலாம் என்று கேட்கத்தான் வந்தாராம்.

சங்கத்து அன்பர்கள் விருந்தாளிகளோடு செல்ல விரும்பினால், காலையில் காபிச் சாலையில் தொடங்குவது நலம். உள்ளூர் மையத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் வரைபடத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஒரு பென்சிலும் கையில் இருக்கட்டும்.