உப்புக்காற்றில் வீணை தாங்குமா? ராமேஸ்வரம் பக்கம் பழைய வீணை வாங்க நினைப்பவர்களுக்கு...

ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைத் தாண்டியதும் தவறாமல் வண்டியை நிறுத்தும் இடம், பேக்கரும்பு. 2017 ஜூலை 27-ல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடம் இங்கேதான் இருக்கிறது. ஏவுகணை மாதிரி அருகே செல்ஃபி எடுத்துவிட்டு உள்ளே போனால், கலாம் வீணை வாசிக்கும் சிலை. 'ராக்கெட் தாத்தா வீணை வாசிப்பாரா?' என்று குழந்தைகள் கேட்டால், 'ஆமாம்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தச் சீமைக்கு இசை புதிதல்ல. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குருவான பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919) ராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் இருந்தவர். ஆனால், இங்கே ஒரு வீணையைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. கோடையில் காய்ச்சல், ஐப்பசி கார்த்திகையில் ஈரம், வருஷம் முழுக்க உப்புக்காற்று. பழைய வீணை ஒன்று விலைக்கு வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மரம்

வீணைக்குப் பலா மரம்தான். ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்ட வீணை. குடம், தண்டி தனித்தனியாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. குடத்தில் விரிசல், பூச்சி அரித்த துளை இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டியை நீளவாக்கில் பாருங்கள். தந்திகளின் இழுவையில் தண்டி வளைந்திருந்தால் அந்த வீணை வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். வளைந்த தண்டியை நிமிர்த்துவது பெரிய செலவு.

இன்னொரு எச்சரிக்கை: சில பழைய வீணைகளில் யானைத் தந்தம் பதித்திருப்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வியாபாரம் குற்றம். அழகைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

பிறகு பழுது

வீணையில் 24 மெட்டுகள். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, அதில் மெட்டுகளைப் பதிப்பதைத்தான் 'மேளம் கட்டுவது' என்கிறார்கள். வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், சுருதி போய்விடும். எஃகுத் தந்திகள் கடற்காற்றில் துருப்பிடிக்கும். மரப் பிரடைகள் மழைக்காலத்தில் உப்பி இறுகும். வெயில் காலத்தில் சுருங்கி வழுக்கும்.

இது ஏன் பெரிய விஷயம்? அமெரிக்காவின் பெடல் ஸ்டீல் கிட்டாரில் தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைக்கக் காலடியில் பெடல், முழங்காலுக்கு லீவர் எல்லாம் உண்டு. வீணையில் அந்த வேலை இடது கை விரலுக்கு. தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்தால்தான் கமகம். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரடை வழுக்கினால், வாசிப்பதைவிடச் சுருதி சேர்ப்பதற்கே நேரம் போய்விடும்.

எதை மாற்றலாம்?

மரப் பிரடைக்குப் பதிலாக, கிட்டாரில் இருப்பது போன்ற பல்சக்கரத் திருகுகளை இப்போது பொருத்துகிறார்கள். கடலோர வீட்டுக்கு இது நல்ல மாற்றம். குதிரையின் மேல் உள்ள உலோகத் தகட்டில் தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருந்தால், அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். நாதம் தெளியும்.

மெழுகை எடுத்துவிட்டு நிரந்தரமாக மெட்டு வைக்கும் யோசனைக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். மெழுகு இருக்கும்வரை, எப்போது வேண்டுமானாலும் இளக்கி மெட்டை இடம் மாற்றிக்கொள்ளலாம். தஞ்சாவூர் மாதிரி வீணை செய்யும் ஊர்களில் மேளம் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காரில் கொண்டுபோனால், பூட்டிய வண்டிக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து, உறை போட்டு வையுங்கள். பாட்டி வீட்டு வீணை ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரப் பொருளாக நிற்பதைவிட, உங்கள் வீட்டுக் குழந்தை அபஸ்வரமாகவே வாசித்தாலும் அதற்கு மரியாதைதான்.