மண்டபம் எழுந்தால் போதுமா?



யாழ்ப்பாணம் போகிறவர்கள் உரும்பிராயையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். செம்மண் தோட்டங்கள் நிறைந்த ஊர். அங்கிருந்து பலாலி வீதியால் பஸ் ஏறினால், கோண்டாவில், திருநெல்வேலி கடந்து சிறிது நேரத்தில் யாழ் நகரை அடைந்துவிடலாம்.

நகரில் பொது நூலகத்துக்கு அருகே பதினொரு மாடிக் கலாசார நிலையம் ஒன்று நிற்கிறது. இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்டு, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025இல் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. உள்ளே சுமார் 600 பேர் அமரக்கூடிய அரங்கு உண்டு. அழகான மண்டபம்தான். ஆனால், மண்டபம் எழுந்தால் கலை தானாக வளர்ந்துவிடுமா? இதற்கு விடை காண, கொழும்பில் ஒரு பழைய நாடகக் கொட்டகையின் கதையைக் கேளுங்கள்.

மருதானை என்றதும் நமக்கு ஸாஹிராக் கல்லூரியும் பள்ளிவாசலும் நினைவுக்கு வரும். அதே மருதானையில், பஞ்சிகாவத்தையில் இருக்கிறது டவர் மண்டபம். ஹென்றிக் செனவிரத்ன கட்டிய இந்த அரங்கு, 1911 டிசம்பர் 6ஆம் திகதி சார்ள்ஸ் டயஸின் ‘பண்டுகாபய’ நாடகத்தோடு திறக்கப்பட்டது. அங்கே புகழ் பெற்றது ‘நூர்த்தி’ என்னும் சிங்கள இசை நாடகம். அதற்கு வழிகாட்டியவர்கள் இந்தியாவிலிருந்து வந்த பார்ஸி நாடகக் குழுவினர். அவர்கள் ஆடிய ‘இந்தர் சபா’வை உருதுவில் எழுதியவர் லக்னோ கவிஞர் ஆகா ஹஸன் அமானத். பார்த்தீர்களா, ஒரு முஸ்லிம் கவிஞரின் எழுத்து சிங்கள மேடைவரை வந்து சேர்ந்திருக்கிறது!

பிறகு பேசும் படம் வந்தது. நாடகம் நலிந்தது. டவர் மண்டபமும் படக் கொட்டகையாயிற்று. 1978இல் ஆர். பிரேமதாசவின் முயற்சியால் அது மீண்டும் நாடக அரங்காகப் புதுப்பிக்கப்பட்டது. சுவருக்கு வெள்ளையடித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தனிச் சட்டம் இயற்றி ஒரு மன்றத்தை அமைத்தார்கள். பழைய கலைஞர்களின் நலனைக் கவனிப்பதும், அந்தப் பாடல்கள் மறைந்துபோகாமல் காப்பதும் அந்த மன்றத்தின் பணிகளாயின. கட்டடத்தோடு மனிதர்களையும் சேர்த்துத் தூக்கிவிட்டதுதான் அங்கே நாம் படிக்க வேண்டிய பாடம்.

யாழ்ப்பாணத்துக்கும் இது பொருந்தும். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து போன்றவர்கள் வளர்த்த இசை நாடகம் அங்கே உண்டு. அந்தக் கலையைச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டும். கிராமத்துக் குழுவுக்குக் கட்டுப்படியாகும் வாடகை வேண்டும். உரும்பிராயிலிருந்து வரும் தாய்மார் இரவு வீடு திரும்ப பஸ் வேண்டும். கைக்குழந்தையோடு வருபவருக்கு ஒதுங்க ஓர் அறையும், மஃரிப் தொழுகைக்கு இடமும் இருந்தால் நம் குடும்பங்களும் தயங்காமல் வரும்.

1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டதை நாம் மறக்கவில்லை. போர் முடிந்தபின் சோனகத் தெருவுக்குத் திரும்பிய குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளும் அந்த மேடையில் ஏற வேண்டும். நம் உம்மாமார் பாடிய தாலாட்டும் அங்கே ஒலிக்க வேண்டும். அப்போதுதான் அது ஊர் மண்டபம்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், வாசலில் நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய், “அடுத்த நிகழ்ச்சி எப்போது? பெண்களுக்கு என்ன வசதி?” என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் வசதியும் வரும்.