பெயர் மாறவில்லை

நியூ ஜெர்சியில் நம் ஊர்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஓர் ஊரின் பொது நூலகம் அது. சனிக்கிழமை காலை. கூட்ட அறையில் மடக்கு மேஜைகளை விரித்து, குடிவரவுப் படிவம் நிரப்புகிறவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தார்கள். காசு வாங்குவதில்லை. கதவில் ஒட்டிய தாள் ஒன்று பெரிய எழுத்தில் எச்சரித்தது: சட்ட ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும் நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டுமே உரிமை உண்டு. மற்ற தொண்டர்கள் வரிசைச் சீட்டு கொடுப்பார்கள், நகல் எடுத்துத் தருவார்கள், அதோடு சரி. நான் ஒருவருக்குத் துணையாக வந்திருந்தேன். எங்கள் எண் வர நேரமிருந்தது.

பக்கத்து மேஜையில் நம் ஊர்த் தம்பதி. கணவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். முதுகுப் பையிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்து வைத்தார். பிரிவுக்கு ஒரு நிறமாக நுனி ஒட்டி, திருமணச் சான்று, மனுவின் நகல், மருத்துவப் பரிசோதனைத் தாள், வருமான வரிக் கணக்கு என்று அடுக்கியிருந்தார். மனைவியை இந்த நாட்டுக்கு வரவழைக்க ஒருவர் எத்தனை இரவுகள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை அந்தக் கோப்பைப் பார்த்தாலே ஊகிக்கலாம். மனைவி சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் முகத்தை மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

அவர்களுக்கு எதிரே அறுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மாள். அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி என்று கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தம்பதி தமக்குள் பேசிக்கொண்டது மட்டும் தமிழில்.

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணின் பெயர் ‘ழி’ என்று முடிகிறது. முழுப் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அடுத்தவர் காகிதத்தில் கண்ட பெயரை ஊருக்குச் சொல்வது முறையல்ல. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட், எச் என்று இரண்டு எழுத்துப் போடுகிறோம். அவருடைய கிரீன் கார்டில் இசட் விட்டுப்போயிருந்தது. எச் மட்டும் நின்றது.

அந்த ஒற்றை எழுத்து எட்டு மாதமாக அவரை வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறது என்பது கணவர் சொல்லச் சொல்லத் தெரிந்தது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் பெயர் சரியாக வந்திருக்கிறது. ஓட்டுநர் பயிற்சி உரிமத்துக்குப் போன இடத்தில் அடையாளத்துக்குக் கேட்கும் 6 பாயின்ட் கணக்குக்கு எல்லா ஆவணமும் இருந்திருக்கிறது. ஆனால் குடிவரவுப் பதிவோடு கணினி ஒத்துப் பார்த்தபோது பெயர் பொருந்தவில்லை. சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பகுதிநேர வேலைக்கு எடுப்பதாகச் சொன்னவர்களும் அதையே சொன்னார்களாம். மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். இங்கே காய்கறி வாங்க வேண்டுமென்றாலும் கணவர் அலுவலகத்திலிருந்து திரும்பக் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களில் கார் ஓட்டத் தெரிந்தும் உரிமம் இல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அட்டையை மாற்றித் தரக் கேட்கும் ஐ-90 படிவத்தைக் கணவர் வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். அந்த அம்மாள் வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார். அட்டை கொடுத்த பிறகு உங்கள் பெயர் சட்டப்படி மாறியிருக்கிறதா என்ற கேள்வி. ‘ஆம்’ கட்டத்தில் டிக் இருந்தது.

“பெயரை மாற்றிக்கொண்டாயா?” என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

கணவர் பதில் சொல்லத் தொடங்கினார். கல்யாணமாகி வந்திருக்கிறாள், அட்டையில் இருப்பதை மாற்றத்தானே விண்ணப்பிக்கிறோம், அதனால்தான் ஆம் போட்டேன் என்றார். அந்த அம்மாள் அவருக்குத் தலையாட்டிவிட்டு மறுபடி மனைவியைப் பார்த்தார்.

“இல்லை. நான் எப்போதும் பெயரை மாற்றியதில்லை. பிறந்ததிலிருந்து இதுதான் என் பெயர்.” நிறுத்தி நிறுத்தி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். அன்று காலையில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டிக் அடிப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு கட்டத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பெயர் சட்டப்படி மாறியது என்றால் நீதிமன்ற ஆணையோ திருமணச் சான்றோ கொண்டு மாற்றத்தை நிரூபிக்க வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த கட்டண மாற்றத்தின்படி இணையத்தில் 415 டாலர், காகிதத்தில் 465. இல்லாத மாற்றத்துக்கு எந்த ஆணையைக் காட்டுவது? மாறாக, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பிழையால் அட்டையில் விவரம் தவறாக அச்சாகியிருக்கிறது என்றால் அதற்குத் தனியாக ஒரு கட்டம் உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. பிழையான அட்டையையும் சரியான பெயருக்கான ஆதாரத்தையும் சேர்த்து அனுப்பினால் போதும். எனவே பிழை எங்கே நேர்ந்தது என்பதுதான் கேள்வி. விண்ணப்பத்திலேயே தப்பாக எழுதிக் கொடுத்திருந்தால் துறையைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். விவரப் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியின் நுனியால் பெயரை எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். இசட் இருந்தது. அடுத்து விசா ஒட்டிய பக்கம். அங்கேயும் இருந்தது. பிறகு கிரீன் கார்டை எடுத்து விசாவுக்குக் கீழே ஒட்டினாற்போல் வைத்தார். மேலே இருந்த எழுத்து கீழே இல்லை.

“இந்த நாட்டுக்குள் நுழையும்வரை உன் பெயர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பிழை வந்திருக்கிறது,” என்றார்.

கணவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “பாத்தியா, நான் சரியாத்தான் அடிச்சிருக்கேன்” என்றார் மனைவியிடம் தமிழில்.

“நான் உங்களைச் சொல்லவே இல்லையேங்க.”

“நீ சொல்லல. எனக்குத்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த ஃபாரத்தை ராத்திரி உக்காந்து நான்தானே அடிச்சேன்.”

எட்டு மாதமும் தன் கைதான் தவறிவிட்டது என்று எண்ணிக்கொண்டு, அதை வெளியே சொல்லாமலும் இருந்திருக்கிறார் மனிதர். அதுவரை அவர் முந்திக்கொண்டு பதில் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. அது அப்போது போய்விட்டது. ஆனால் அவர்மேல் இரக்கப்பட்டுக்கொண்டே இதையும் சொல்ல வேண்டும்: மனைவியை அழைத்துவர ஒருவர் போடும் மனுவில் மனுதாரர் அவர், மனைவி பயனாளி. விசா விண்ணப்பம் மனைவியின் பெயரில் இருந்தாலும் பெரும்பாலும் அடிப்பது கணவர்தான். ஒரு பெண்ணின் பெயர், பிறந்த ஊர், தாய் தகப்பன் எல்லாமே இன்னொருவரின் தட்டச்சு வழியாகவே அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. பிழை வந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் அவரே வர வேண்டியிருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனாலும் அது அவளுடைய பெயர்.

அறைக்கு வெளியே எல்லிஸ் தீவின் பழைய புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. 1892 முதல் 1954 வரை கப்பலில் வந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் நுழைந்த வாசல் அது. அங்கே இருந்த அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிட்டார்கள் என்று இந்த நாட்டில் பல குடும்பங்களில் பாட்டிமார் சொல்வதுண்டு. அது உண்மையில்லை. அதிகாரிகள் கையில் இருந்தது கப்பல் கம்பெனி புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த பட்டியல். அதை வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்களே தவிர, அங்கே புதிதாகப் பெயர் சூட்டவில்லை. முன்னால் வந்துவிட்ட கணவனிடம் சேர இத்தாலியிலிருந்து வந்த பெண்கள் பலரும் அந்தப் பட்டியல்களில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கிறார்கள். இன்று அவர்களைத் தேடுகிற பேரப்பிள்ளைகள் தாத்தாவின் குடும்பப் பெயரில் தேடிவிட்டு, பாட்டியைக் காணோம் என்று தவிக்கிறார்கள்.

அந்த அம்மாள் பழைய படிவத்தை ஒதுக்கிவைத்து, புதிதாக ஒன்றை எடுத்தார். அதையும் ஒரு கறுப்பு மைப் பேனாவையும் மனைவியின் பக்கம் நகர்த்தினார். “விண்ணப்பதாரர் நீதான். நீயே எழுது.”

மனைவி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. பெரிய எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்காமல் கட்டத்துக்குள் உட்கார்ந்தன. பெயரின் கடைசிப் பகுதியில் இசட் போட்டு, அதன்மேல் இன்னொரு தடவை அழுத்தி எழுதினார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, அப்படி அழுத்தாதே, கணினி வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளப் போகிறது என்றார்.

தாயின் பெயர் என்ற இடம் வந்தது. கணவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அத்தை பேரு எப்படிப் போட்டிருந்தோம்?” என்று கேட்டார்.

“எந்தப் பேரு? வீட்டுல கூப்பிடறது பாப்பா. ரேஷன் கார்டுல வேற. என் பர்த் சர்ட்டிபிகேட்ல இருக்கறதுதான் இங்க வரணும்.” கோப்பைப் பார்க்காமலே எழுதினார். அம்மாவின் பெயரிலும் ஒரு ழகரம் இருந்தது.

உயரம் கேட்ட இடத்தில் கணவர் 5 அடி 3 அங்குலம் என்றார். “ரெண்டுதாங்க” என்று மனைவி திருத்தினார். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் பாஸ்போர்ட்டில் இருந்தபடியே கிராமத்தின் பெயரை எழுதினார். கடைசியில் மொழிபெயர்ப்பாளர் பகுதி. பழைய படிவத்தில் அங்கே கணவர் தன் விவரங்களை முழுவதும் எழுதிவைத்திருந்தார். இந்தப் படிவத்தில் அது காலியாகவே இருந்தது. யாரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அட்டையை அனுப்ப வேண்டும் என்றதும் மனைவியின் முகம் மாறியது. பதினெட்டு வயது நிறைந்த நிரந்தரவாசி அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பிழையான அட்டைதான், ஆனாலும் இந்த நாட்டில் இருக்கலாம் என்று சொல்வது அது ஒன்றுதானே. “இதையும் அனுப்பிட்டா கையில என்னங்க இருக்கும்?” என்றார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. கேள்வி மட்டும் புரிந்துவிட்டது. விசாப் பக்கத்தைத் திறந்து விமான நிலையத்தில் குத்திய முத்திரையைக் காட்டினார். குடியேற்ற விசாவும் அந்த முத்திரையும் சேர்ந்து, வந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு நிரந்தரவாசி என்பதற்கு அத்தாட்சி. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் புதிய அட்டை வராவிட்டால் நேரம் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரை வாங்கலாம்.

இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். வந்து இறங்கியபோது திருமணமாகி இரண்டு வருஷம் ஆகாததால் இவருடையது இரண்டு வருஷ நிபந்தனை அட்டை. அது முடியும் தேதிக்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். பெயர்த் திருத்தம் தாமதமானாலும் அந்தத் தேதி தள்ளிப்போகாது. கணவர் தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.

நான் துணையாக வந்தவருக்கும் பெயர்ச் சிக்கல்தான். அது வேறு ரகம். அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. நம்மில் ஏராளமானவர்களுக்கு அப்படித்தான். அமெரிக்க விசாவில் அவருடைய பெயர் முழுவதும் குடும்பப் பெயராகிவிட்டது. முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான எஃப்என்யூ என்ற மூன்று எழுத்துகள் அவருடைய முதற்பெயராக வந்துவிட்டன. மருந்துக் கடையில் ‘ஃப்னு’ என்று கூப்பிடுகிறார்கள். யாரை என்று திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டாம் தடவையும் கூப்பிட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதை வைத்தே பதிவு போனதால் அது பிழைக் கணக்கில் சேராது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் குடியுரிமை விண்ணப்பத்தோடு பெயர் மாற்றமும் கேட்டு, நீதிபதி முன்னால் உறுதிமொழி எடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயரைப் பெறவே மனு போட வேண்டியிருக்கிறது. இந்த அநியாயத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பக்கத்து மேஜையில் நகல் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தொண்டர் ஒருவர் அட்டையின் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவர, பின்பக்கமும் வேண்டும் என்று மனைவியே எழுந்து இயந்திரத்துக்குப் போனார். திரும்பி வந்து தாள்களை அடுக்கி, பாஸ்போர்ட் நகலில் பெயர் இருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

“ரசீதுக் கடிதம் வந்ததும் முதலில் பெயரைப் பார்,” என்றார் அந்த அம்மாள்.

“அதிலும் எழுத்து விட்டுப்போயிருந்தால்?”

“அன்றைக்கே எனக்குப் போன் செய். பழைய அட்டை மாதிரி எட்டு மாதம் வைத்திருக்காதே.”

சரி என்றார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டர் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்துத் தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டார். தபால் நிலையம் சனிக்கிழமை எத்தனை மணிவரை என்று கணவர் கேட்டார். மதியத்தோடு மூடிவிடுவார்கள், இப்போதே போனால் பிடித்துவிடலாம் என்றார் தொண்டர். பதிவுத் தபாலா, சாதாரணத் தபாலா என்று பேசிக்கொண்டே இருவரும் கிளம்பினார்கள்.

அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். எங்களுடையது.