கிரேன் வாடகை

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்று பொதுவாக ஓர் அபிப்பிராயம் உண்டு. என் வீட்டிலும் உண்டு. அது தவறு. வீடு கட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒரு கணக்குப் போட்டேன். கூட்டலில் பிசகில்லை, கழித்தலிலும் பிசகில்லை. அந்தக் கணக்கைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எங்கள் தாத்தா வீட்டு வாசலில் ஒரு கல் உத்தரம் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் கருங்கல் என்பது வெளியூரிலிருந்து வண்டியேறி வர வேண்டிய சாமான். வயலைத் தோண்டினால் வண்டல்தான் வரும். அப்படிப்பட்ட ஊரில் கல் உத்தரம் வாங்கிப் போட்டார் என்றால், தாத்தா தம் ஆயுளில் செய்த ஆடம்பரம் அது ஒன்றுதான். வீடு இடிந்து பாகம் பிரித்தபோது, மற்றவர்கள் தேக்குக் கதவையும் பித்தளை அண்டாவையும் எடுத்துக்கொண்டார்கள். நான் கல்லை எடுத்துக்கொண்டேன். புது வீட்டு வாசல் தூண்கள் இரண்டின் மேல் அதைத் தூக்கி வைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

நீளம் 10 அடி, அகலம் 1 அடி, கனம் 1 அடி. ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ இருக்கும். ஆக, 750 கிலோ. அதை 9 அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும்.

கிரேன் வாடகை விசாரித்தேன். எங்கள் பக்கத்தில் அந்த மஞ்சள் வண்டிக்கு 'ஹைட்ரா' என்று பெயர். மணிக்கு 1,500 ரூபாய். வேலை எவ்வளவானாலும் 4 மணி நேர வாடகை கொடுத்தாக வேண்டும். அது 6,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,080. டிரைவர் பேட்டா 500. பெல்ட் கட்டுகிற ஆளுக்கு 500. மொத்தம் 8,080 ரூபாய்.

"வேலை எத்தனை நேரம் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"இருபது நிமிஷம் சார்."

நிமிஷத்துக்கு 400 ரூபாய்க்கு மேல்! என் பேனா ஒரு நாளும் அப்படிச் சம்பாதித்ததில்லை.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பெரிய கோயில் கட்டினப்போ கிரேனா வந்துது சார்? மூணு சவுக்குக் கட்டையை முக்காலி மாதிரி நட்டு, ஒரு செயின் பிளாக்கை மாட்டினா கல்லு தன்னாலே ஏறிடும். நம்ம ஆளுங்க ஆறு பேர் இருக்காங்க. தலைக்கு முந்நூறு சேர்த்துக் குடுங்க. செயின் பிளாக் வாடகை ஐந்நூறு."

பெரிய கோயில் என்றதும் எனக்குச் சபலம் தட்டிவிட்டது. 1010-ல் முடிந்த கோயில். சுமார் 200 அடி விமானம். சாரப்பள்ளத்திலிருந்து சரிவுப் பாதை போட்டு 80 டன் கல்லை உச்சிக்கு ஏற்றினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உச்சியில் இருப்பது ஒரே கல் அல்ல, பல துண்டுகள் சேர்ந்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், அன்றைக்கு ஊர்க்கதைதான் சௌகரியமாக இருந்தது.

1,800-ம் 500-ம் 2,300. எட்டாயிரத்து எண்பதில் கழித்தால் மிச்சம் 5,780 ரூபாய். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "எல்லாம் சரிதாங்க, கல்லு கனமாச்சே" என்றாள். கணக்குத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கல் ஏறியது. சங்கிலி கடகடவென்று ஓட, உத்தரம் ஆள் மார்பளவுக்கு வந்தது. முந்தின நாள் ராத்திரி ஒரு மழை பெய்திருந்தது. முக்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் ஒரு சாண் இறங்கியது. அவ்வளவுதான். கல் விழக்கூட இல்லை. கொஞ்சம் ஆடித் தூணில் போய் இடித்தது. அது திரும்பிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். அரியலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன், இருபத்திரண்டு வயசு. அவன் இடது கை நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

சுட்டுவிரலில் ஒரு கணு போய்விட்டது.

ஆஸ்பத்திரிச் செலவு 27,400 ரூபாய். இரண்டு மாதக் கூலி. கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. 1923-ம் வருஷம் வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். சுட்டுவிரல் முழுவதும் போனால், சம்பாதிக்கும் சக்தியில் 14 சதவீதம் போனதாகக் கணக்கு, நடுவிரலுக்கு 12, சுட்டுவிரலில் ஒரு கணுவுக்கு 9. அதைப் படித்தபோது எனக்குக் கிரேன்காரரின் வாடகைச் சீட்டுத்தான் ஞாபகம் வந்தது.

பையனின் தாயார் ஊரிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைக் கண்டதும், பணம் கட்டிய புண்ணியவான் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கிரேன் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான் என்று அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது மேஸ்திரியின் கேள்வி திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. பெரிய கோயிலுக்குக் கிரேனா வந்தது? இல்லை, மனிதர்கள் வந்தார்கள். அந்தக் கோயில் கல்வெட்டில் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர்கள் இருக்கின்றன. கல்லை இழுத்தவர்களில் யாருக்கு எந்த விரல் போயிற்று என்று நான் எங்கும் படித்ததில்லை.

மூன்று வாரம் கழித்துக் கிரேனை வரவழைத்தேன். டிரைவர் இறங்கியதும் கல்லைப் பார்க்கவில்லை. மேலே மின்சாரக் கம்பியைப் பார்த்தார். பிறகு வாசலில் அங்கங்கே காலால் மிதித்துப் பார்த்தார். "செப்டிக் டாங்க் எங்கே இருக்கு? ராத்திரி இங்கே மழையா?" என்று கேட்டார். சக்கரத்துக்கு அடியில் பலகை போடச் சொன்னார்.

"பதினாலு டன் தூக்கும் என்று போட்டிருக்கிறதே, முக்கால் டன் கல்லுக்கு இத்தனை யோசனை எதற்கு?" என்றேன்.

"தண்ணிக் குடத்தை இடுப்போட வச்சுக்கிறதும், கையை நீட்டிப் பிடிச்சுக்கிறதும் ஒண்ணா சார்? கை நீள நீளத் தூக்கற பலம் குறையும். பதினாலு டன்னெல்லாம் பக்கத்திலே இருந்தாத்தான்" என்றார். நெம்புகோல் பாடம் படித்துப் பாஸ் செய்தவன் நான், எனக்குத் தோன்றவில்லை.

உத்தரத்தின் ஒரு முனையில் கயிறு கட்டி, அதைத் தூர நின்று பிடிக்கச் சொன்னார். கல்லைக் கையால் தொடக் கூடாது, அதன் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது என்று இரண்டு தரம் கத்தினார். சொன்னபடி இருபதே நிமிஷம். 8,080 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். தரையை மிதித்துப் பார்த்து, ராத்திரி மழையா என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்விக்கே அது தகும் என்று பட்டது.

கையில் கட்டோடு அந்தப் பையனும் வந்திருந்தான். வேலைக்காக அல்ல, பார்க்க வந்தான். கல் மெதுவாக இறங்கித் தூண்களின் மேல் உட்கார்ந்ததும், "அழகா வைக்கிறாரு சார்" என்றான். "அன்னிக்கே வந்திருக்கலாமே" என்று அவன் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதும் இந்தப் பக்கம் வேலை இருந்தால், வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகிறான். விரலைப் பற்றிப் பேசுவதில்லை. படி இறங்கும்போது ஒரு தரம் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்ப்பான்.

"மட்டம் சரியா இருக்கு சார்" என்பான்.